மைக்கில் சொன்ன மீன் விலை

எங்கள் வீட்டில் ஒருவர் செய்தியை இன்னொருவர் நம்புவதில்லை. என் வீட்டுக்காரருக்கு டிவியில் வந்தால்தான் உண்மை. அதிலும் கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓட வேண்டும், வாசிக்கிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மெதுவாகச் சொன்னால் அவர் அதைச் செய்தி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். என் மகள் போனில் வருவதை மட்டும் நம்புவாள். நான் இரண்டையும் நம்பாதவள். எனக்குச் செய்தி என்றால் என் மீன்காரிதான்.

அவள் மரக்காணத்தை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரி. நான் இங்கே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். விடியும்போது கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் போட்டுத் தலையில் ஏற்றி, தெருத்தெருவாக விற்றுவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்துக்கு எங்கள் வரப்புக்கு வந்து சேருவாள். நாங்கள் அதற்குள் பாத்திகளில் உப்பை வாரி, கூடை கூடையாகச் சுமந்து மேட்டில் குவித்துவிட்டு, வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போய் உட்கார்ந்திருப்போம். அவள் கூடையை இறக்கும்போதே செய்தியும் இறங்கும். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த ரேஷன் கடைக்குப் பருப்பு வந்துவிட்டது, இ.சி.ஆர். ரோட்டில் எந்த வளைவில் போலீஸ் ஹெல்மெட் பிடிக்கிறது, எல்லாம் அவளிடம் உண்டு. மழை வருமா என்றும் சொல்லுவாள். பாதி நாள் தப்பாகத்தான் சொல்லுவாள்.

"தப்பா சொல்றவள எதுக்குடி நம்பற?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். எதற்கென்றால், அவள் மறுநாள் வந்தாக வேண்டும். ஒருமுறை ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதாகச் சொன்னாள். நாங்கள் அத்தனை பேரும் கால் கழுவாமல் ஓடினோம். கடை பூட்டிக் கிடந்தது, வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. மறுநாள் அவளை வரப்பிலேயே மடக்கி, வாங்கு வாங்கென்று வாங்கினோம். தலையைச் சொறிந்துகொண்டு ஆளுக்கு ஒரு பிடி காரப்பொடி மீன் அதிகமாகப் போட்டாள். "உங்க டிவிக்காரன் தப்பா சொன்னா ஒரு பிடி மீன் தருவானா?" என்று வீட்டில் கேட்டேன். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

எங்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. பாத்தி ஓரத்தில் மண் கலந்து தங்கும் உப்பை மேஸ்திரி எங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுவார். அதை நான் உப்புத் தண்ணீரிலேயே அலசிச் சாக்கில் கட்டி வைப்பேன். அவள் கருவாடு போடுவதற்கு அதை எடுத்துக்கொள்வாள், எனக்கு மீன் விலையில் பார்த்துக் குறைப்பாள். இந்த வியாபாரம் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் நடக்கும். "பொணத்துக்குப் போடற ஐஸ்ல இருந்து எடுத்தாந்தியாடி இத?" என்று நான் ஆரம்பிப்பேன். "உன் உப்பப் போட்டு கருவாடு காய வெச்சா பூனகூட மூஞ்சத் திருப்பிக்குது" என்று அவள் தொடருவாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கைகலப்பு ஆகிவிடுமோ என்று எழுந்து நிற்பார்கள். பழையவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு, இன்றைக்கு யார் கை ஓங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருஷம் தடைக்காலத்தில்தான் அந்த வினை வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத மாதங்கள். சின்ன பைபர் போட்டில் வருவதுதான் மீன். அதனால் மத்தி கூட மாப்பிள்ளை முறுக்கில் இருந்தது. ஒருநாள் நாங்கள் கரையேறி உட்கார்ந்திருந்தபோது, டவுனிலிருந்து இரண்டு பேர் வரப்பில் சறுக்கிச் சறுக்கி வந்தார்கள். ஒருவர் கையில் மைக். இன்னொருவர் செல்போனை ஒரு கம்பியில் மாட்டிப் பிடித்திருந்தார். யூடியூப் சேனலாம்.

"அக்கா, வேலை, விலைவாசி இதப் பத்தியெல்லாம் மக்கள் கருத்து எடுக்கறோம். யாராவது பேசறீங்களா?"

எங்கள் கூட்டம் இருந்த இடம் தெரியவில்லை. ஒருத்தி துண்டை இழுத்து முகத்தை மூடினாள். ஒருத்தி குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மீதிப் பேர் ஒரே குரலில் என்னைக் காட்டினார்கள். "இத கேளுங்க தம்பி. இதுக்குத்தான் வாய் காதுவரைக்கும் கீது."

சரி, காதுவரைக்கும் இருக்கிற வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று எழுந்தேன். கம்பி பிடித்தவர், "அக்கா, அங்க இங்க திரும்பாதீங்க, கேமராவையே பாருங்க" என்றார். பார்த்தேன். கேஸ் விலையைச் சொன்னேன், தக்காளி விலையைச் சொன்னேன், ஸ்கூல் வேன் கட்டணத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆரோவிலில் தோட்ட வேலைக்குப் போகிறார், அவர் வண்டி குடிக்கிற பெட்ரோலைப் பார்த்தால் வண்டிக்குத்தான் அங்கே வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது என்றும் சொன்னேன். மரத்தடியில் மண்வெட்டி பிடிக்கிற அவர், வெயிலில் உப்பு வாருகிற என்னிடம், உன்னுடையது ஒரு வேலையா என்று கேட்பதைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைக் தம்பிக்கு மட்டும் கொட்டாவி வந்தது. இதையெல்லாம் அவர் எல்லா ஊரிலும் கேட்டிருப்பார் போல.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால், "இன்னாடி, கலெக்டருக்கு பேட்டி குடுக்கறியா?" என்று குரல் கேட்டது. மீன்காரி வந்துவிட்டாள். திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் திரும்பவில்லை. கேமராவைப் பார்த்தபடியே ஆரம்பித்தேன்.

"வந்துட்டாங்க பாருங்க தம்பி, கொள்ளக்காரிங்க. கவர்மெண்டு ஏத்தற வெலையெல்லாம் ஒரு வெலையா? இவளுங்க ஏத்தற வெலைய கேளுங்க. நாலு நெத்திலிய போட்டுட்டு நம்ம தாலிய கேப்பாளுங்க. கூலிக்காரி மீன் தின்னவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாளுங்க."

பின்னாலிருந்து அவள் சும்மா இருப்பாளா? என் உப்பை, என் சமையலை, என் மாமியார் வீட்டை வரைக்கும் இழுத்துவிட்டாள். கூட்டம் கை தட்டியது. மைக் தம்பியின் கொட்டாவி எங்கே போனதென்றே தெரியவில்லை. "சூப்பர் க்கா, சூப்பர் க்கா" என்றார். அவர்கள் கிளம்பும்போது மீன்காரியே அவர்களுக்குத் தன் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு நாள் கழித்து என் மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தலைப்பு இது: "மீன்காரிகளின் பகல் கொள்ளை! கதறும் உப்பளத் தாய்!" உள்ளே பார்த்தால் நானேதான். ஆனால் நான் அழுகிறேன். எங்கேயடி அழுதேன் என்று பார்த்தால், முந்தானையால் வேர்வையைத் துடைத்ததை மெதுவாக ஓட்டி, பின்னால் வயலினைச் சேர்த்துவிட்டார்கள். தக்காளி, கேஸ், பெட்ரோல், மரத்தடி மண்வெட்டி எல்லாம் போய்விட்டன. என் முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்ததால் மீன்காரியின் தலைமயிர்கூடத் தெரியவில்லை. அவள் பேசின இடத்திலெல்லாம் வயலின். கொள்ளைக்காரி, தாலி, கூலிக்காரி மீன் தின்னக்கூடாது, அவ்வளவுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. "வீடியோல நல்லாத்தான் வுழுந்திருக்க" என்று மூன்று முறை பார்த்தார். பெரிய முதலியார்சாவடியிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, காசு கஷ்டம்னா எங்ககிட்ட சொல்லக் கூடாதா, ஊருக்கு முன்னாடியா அழுவாங்க?" என்று அழ ஆரம்பித்தாள். அது வேர்வை என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. கண்ணால் பார்த்தாளே! கீழே கருத்துப் போட்டவர்கள் பாதிப் பேர் மீனவப் பெண்களைத் திட்டியிருந்தார்கள். மீதிப் பேர் என்னைத் திட்டியிருந்தார்கள். ஒரு புண்ணியவான் மட்டும் உப்பு நல்லா வெள்ளையா இருக்கு என்று எழுதியிருந்தார்.

மறுநாள் மீன்காரி வரப்புக்கு வரவில்லை. காற்று அதிகம், போட் போயிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ரோட்டைத் தாண்டிப் போனாள். நான் கையை ஆட்டினேன். அவள் எதிர்ப்பக்கம் இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் புளியமரத்தில் பார்க்க ஒன்றுமே கிடையாது.

அவளுக்குப் பதில் இன்னொருத்தி வந்தாள். மொபெட், பின்னால் தெர்மாகோல் பெட்டி, நம்பர் ஓடுகிற தராசு, போனில் காசு அனுப்ப ஒரு அட்டை. விலையைச் சொல்லுவாள், எடை போடுவாள், போய்விடுவாள். ஒரு செய்தியும் கிடையாது, ஒரு திட்டும் கிடையாது. நான் ஒருநாள் ஆசைக்கு, "செத்த மீனாட்டம் பாக்கறியே, வாயத் தொறந்து பேசேன்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். அவள் அரண்டுபோய்ப் பெட்டியை மூடிவிட்டாள். எங்கள் தெருவிலேயே ஒரு வளைகாப்பு நடந்து முடிந்து, மீந்த சோற்றைக் கொடுத்தனுப்பியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

கோபம் தலைக்கேறி, வீடியோவுக்குக் கீழே இருந்த நம்பருக்குப் போட்டேன். மைக் தம்பிதான் எடுத்தார்.

"அக்கா! உங்க வீடியோ செம ரீச் க்கா!"

"ரீச்சாவது கீச்சாவது! அத எடுத்துடு தம்பி. நான் வெளையாட்டுக்குப் பேசனத வெட்டி ஒட்டிட்ட. என் கூட்டாளி எங்கூட பேச மாட்டேன்றா."

"எடுக்கறதெல்லாம் கஷ்டம் க்கா. வேணா ஒன்னு பண்ணலாம். உங்களயும் அவங்களயும் நேருக்கு நேர் நிக்க வெச்சி ஒரு வீடியோ போடலாம். ரெண்டு பேரும் கொஞ்சம் சண்ட போட்டுட்டு, கடைசில சேந்துக்கங்க."

"இந்தப் பக்கம் கால வெச்சிப் பாரு. உன்ன பாத்தில போட்டு காய வெச்சி கருவாடாக்கிடுவேன்."

"அக்கா, இத அப்படியே ரெக்கார்ட் பண்ணி அனுப்ப முடியுமா?"

போனை அரிசிப் பானைக்குள் வீசிவிட்டேன்.

சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. எங்களோடு உப்பு வாருகிற ஒருத்தி, மீன்காரி வியாபாரத்துக்குப் போகும் தெருவில் குடியிருக்கிறவள், ஒரு காலை வேலைக்கு நடுவே வாரும் பலகையை ஊன்றி நின்றுகொண்டு சொன்னாள். "அவ பொழப்புல மண்ணு வுழுந்துடுச்சிடி. கூடைய இறக்கனதும் எல்லாம் செல்லத் தூக்கி அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுதுங்க. உன் கூட்டாளியே கொள்ளக்காரின்றா, பாதி வெலைக்கு குடுன்னு கேக்குதுங்க. அவ ஒன்னும் பேசாம கூடையத் தூக்கிக்கினு போயிடறா. குப்பத்துலயும் மத்த பொம்பளைங்க, உன் சிநேகிதத்தால எங்க பொழப்பும் போச்சுன்னு அவளத்தான் திட்றாளுங்களாம்."

நான் வாரிக்கொண்டிருந்த உப்பு அப்படியே நின்றது.

"இன்னொன்னும் கேளு," என்றாள். "கருவாட்டுக்கு இப்ப கடையில பாக்கெட் உப்பு வாங்கறாளாம்."

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய், தூள் உப்பு வாங்கி, மீன் மேல் தூவுகிறாளாம். அது நிற்குமா? கரைந்து ஓடிவிடும். கருவாடு போனால் தடைக்காலத்தில் அவளுக்கு வேறு தாங்கல் இல்லை. என் மேல் இருக்கிற கோபத்தில் தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறாள், பைத்தியக்காரி. இவளை விட்டுவிட்டால் எனக்கு இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு கேமராவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு கல்லுப்பைக் கட்டி, என் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் வைத்துக் குப்பத்துக்குப் போனேன். அவர் குப்பத்து முனையில் டீக்கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். "நான் வந்தா ஆம்பளைங்க சண்டையா மாறிடும். நீயே போ" என்றார். டீக்கடை டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். என்னைத்தான் இப்போது செங்கல்பட்டு வரைக்கும் தெரியுமே. "வந்துட்டாங்கடி கதறும் தாய்" என்றாள் ஒருத்தி. "பாத்து பேசுங்க, தாலிய காப்பாத்திக்கினு வந்திருக்காங்க" என்றாள் இன்னொருத்தி. மற்ற நாளாக இருந்தால் ஆளுக்கு நாலு கொடுத்திருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தாண்டினேன். மணலில் கால் புதைந்தது, சாக்கு கனத்தது.

அவள் வீட்டு வாசலில் பழைய வலையை விரித்துக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து முந்தானையை உதறி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து நிழலில் போட்டாள்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் என்னைக் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை. சாக்கைத் தொப்பென்று போட்டேன்.

"இன்னாடி இது, விருந்தாடி வந்தாப்புல? திட்டித் தொலயேன்! அவனுங்க வெட்டி ஒட்டிட்டானுங்கடி. நீ பேசனதெல்லாம் எடுத்துட்டு வயலின் போட்டுட்டானுங்க. எனக்கு என்னா தெரியும்? சாமி சத்தியமா நான் வெளையாட்டுக்குத்தான்—"

"எனக்குத் தெரியாதா? நான் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரியுமா? தெரிஞ்சிமாடி தெரு நாயப் பாக்கறாப்புல என்னப் பாக்காம போன?"

அவள் கீழே உட்கார்ந்து ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். அப்புறம் இன்னொன்றை.

"அவனுங்க வெட்டனதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல. அவனுங்க பொழப்பு அது. ஊரு பேசறதுக்கும் கோவம் இல்ல, ரெண்டு மாசம் பேசும், அப்புறம் வேற வீடியோ வரும். அன்னிக்கு நான் உன் முதுகுக்குப் பின்னாலதான நின்னேன்? உன் மூஞ்சி எனக்குத் தெரியல. எல்லாம் சிரிக்குதுங்களே, நீயும் சிரிச்சிக்கினு பேசறன்னு நெனச்சேன். வீடியோலதான் உன் மூஞ்சியப் பாத்தேன். நீ சிரிக்கலடி."

நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"அது வெளையாட்டுக்குப் பேசற மூஞ்சி இல்ல. எனக்கு உன் மூஞ்சி தெரியாதா? போன மாசத்துல இருந்து தெனம் ஒரு கத சொல்ற. ஒரு நாளு வயிறு சரியில்லன்ற. ஒரு நாளு பொண்ணுக்கு மீனே புடிக்கலன்ற. பெருமுக்கல் மலக் கோயிலுக்கு வெரதம்ன்ற. எந்த சாமிடி மாசம் பூரா வெரதம் கேட்டுது? நானும் மட்டி மாதிரி நம்பிக்கினு இருந்தேன். எங்கிட்ட பொய் சொல்லிட்டு, எவனோ மைக்க நீட்டனா அவங்கிட்ட நெசத்த சொல்லி இருக்க."

நான் அவள் போட்ட நாற்காலியை விட்டுவிட்டு, மணலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. வீட்டுக்காரர் வேலை செய்கிற இடத்தில் வாரத்தில் பாதி நாள் வேலையைக் குறைத்துவிட்டார்கள். நாங்கள் ஒரு மாதமாக ரசத்தையும் அப்பளத்தையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அவள் கூடையைத் திறக்கும்போது வருகிற வாசனைக்கு எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். திட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவேன். அதை எப்படிச் சொல்வது? இவளிடம் போய், என்னால் வாங்க முடியவில்லை என்று? வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

அவள் சாக்கின் வாயை அவிழ்த்து, ஒரு கை உப்பை எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு முறத்தைக் கொண்டுவந்து, அதில் கொஞ்சம் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்து பொறுக்கினேன்.

"நாளைக்கு வரப்புக்கு வருவேன்," என்றாள், முறத்தைப் பார்த்தபடியே. "வாங்க முடியலன்னா முடியலன்னு சொல்லு. மூஞ்சியப் பாத்து சொல்லு."

நான் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"முடியலடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த வார்த்தையை நான் அதுவரைக்கும் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.